ஸப்ரும் கோழைத்தனமும்

குத்பாவிலும் பயானிலும் ஆலிம்களின் நாவில் அடிக்கடி வருகிற சொற்களில் ஒன்று ‘ஸப்ரு’. பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடும்படி திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. இதை மதரஸாவில் ஓதாத பிள்ளை நம் மஹல்லாக்களில் இல்லை. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து ஆளாகி, கடைத்தெருவிலும் கல்லூரியிலும் நாலு பேரோடு பழகி, நியாயமற்ற பேச்சையும் நியாயமற்ற நடத்தையையும் நேருக்கு நேர் சந்திக்கிறபோது நம்மிடம் திரும்பி வந்து கேட்கிறான்: “ஹஜ்ரத்! அடித்தவனைத் திருப்பி அடிக்கத் திராணியில்லாதவன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிக்கொள்வதுதானே இந்த ஸப்ரு?”

இந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிடலாகாது. கேட்பவன் ஈமான் இல்லாதவன் அல்ல. ரோஷமுள்ளவன். அவனுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால், ஒன்று அவன் கையில் கல்லை எடுப்பான். அல்லது மார்க்கமே கோழைகளின் பக்கம் நிற்பதாக எண்ணி மனம் கசந்து ஒதுங்குவான். இரண்டுமே நமக்கு நஷ்டம்தான்.

அவன் கேள்வியில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஸப்ரு செய்பவனும் கை ஓங்குவதில்லை. கோழையும் கை ஓங்குவதில்லை. வெளிப்பார்வைக்கு இருவரும் ஒன்றுபோலவே தோன்றுகிறார்கள். அப்படியானால் இவ்விருவரையும் எப்படிப் பிரித்தறிவது? உள்ளத்தில் உள்ளதை அல்லாஹ் ஒருவனே அறிவான். எனினும் மனிதர்களாகிய நாம் கண்டுகொள்வதற்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. ஒருவனுடைய அமைதி, பக்கத்தில் நின்று பார்ப்பவர்களை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கோழைத்தனம் ஒருவனிடமிருந்து மற்றவனுக்குத் தொற்றினால் கூட்டம் கலைந்து ஓடும். ஸப்ரு தொற்றினால், ஓட நினைத்தவனும் நின்று விடுவான். இதற்கு நம் திருச்சி மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

பிறரிடம் பாடம் படிக்கலாமா?

அந்த வரலாற்றுக்குள் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அழகிய முன்மாதிரி நமக்கு இருக்கும்போது, மகாத்மா காந்தியைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் ஒரு முஸ்லிம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும்.

முழுமையான முன்மாதிரி நபி (ஸல்) அவர்கள் மட்டுமே. இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்ற எந்தத் தலைவரும் மனிதரே. அவரிடம் கொள்ளத்தக்கதும் இருக்கும், தள்ளத்தக்கதும் இருக்கும். ஆனால் நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வதற்கு, அதைச் செய்தவர் நம்மவராக இருக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தரவில்லை. நுபுவ்வத்துக்கு முன்பு மக்காவில், வெளியூர் வியாபாரி ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தொடர்ந்து, அநீதிக்குள்ளானவர் யாராயினும் அவருக்குத் துணை நிற்பதாகச் சிலர் கூடி உடன்படிக்கை செய்தார்கள். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என்பது அதன் பெயர். இஸ்லாம் வந்த பிறகும், அத்தகைய ஓர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இசைவோம் என்று நபி (ஸல்) அவர்கள் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள்.

தாயிஃபிலிருந்து கல்லடி பட்டுத் திரும்பியபோது, மக்காவுக்குள் நுழைய அவர்களுக்குப் பாதுகாப்பளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் ஈமான் கொள்ளாமலே மரித்தவர். ஆயினும் பத்ருப் போர்க் கைதிகளைப் பற்றிப் பேசும்போது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹான ஹதீஸில் பதிவாகியுள்ளது. நன்றி மறவாமையும், பிறர் நன்மையை மதிப்பதும் ஸுன்னத்தே என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

லண்டன் சமையற்கட்டில்

இனி வரலாற்றுக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் அவர்களின் பெயரைத் திருச்சியில் பெரியவர்கள் பலர் அறிவார்கள். 1937-ல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சராக இருந்தவர். இளமையில் மருத்துவம் படிக்க லண்டன் சென்றிருந்தார். அங்கே ‘இந்தியா ஹவுஸ்’ என்ற இல்லத்தில் கூடிய இந்திய இளைஞர்கள் பலர், வெள்ளையனைத் துப்பாக்கியால்தான் விரட்ட முடியும் என்று நம்பியவர்கள். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் அவர்களில் முக்கியமானவர். 1909 ஜூலையில் அந்த வட்டாரத்து மாணவர் ஒருவர் லண்டனிலேயே ஓர் ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டுக் கொன்றிருந்தார். அந்தச் சூடு இன்னும் தணியாத காலம்.

அவ்வாண்டு அக்டோபரில் விஜயதசமியை ஒட்டி லண்டனில் ஒரு விருந்து நடந்தது. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளைச் சொல்ல அப்போது லண்டன் வந்திருந்த பாரிஸ்டர் காந்தியைத் தலைமை தாங்க அழைத்தார்கள். சைவ உணவாக இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். சமையல் பொறுப்பை ஏற்ற இளைஞர்களில் ராஜனும் ஒருவர். அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, மெலிந்த தேகமுள்ள ஒருவர் வந்து தாமாகவே பாத்திரம் கழுவுவதிலும் காய்கறி நறுக்குவதிலும் சேர்ந்துகொண்டார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று எண்ணி இவர்களும் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பின்னர் ஐயர் வந்து பார்த்துத் திகைத்த பிறகுதான், அன்று மாலை தலைமை தாங்க வேண்டியவர் அவரே என்று ராஜனுக்குத் தெரிந்தது. இதை ராஜன் அவர்களே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் ஒரு முஸ்லிமுக்கு என்ன நினைவு வரும்? அகழ்ப் போரின்போது தோழர்களோடு தோழராக மண் சுமந்து, புழுதி படிந்த மேனியோடு நின்ற நாயகம் (ஸல்) அவர்களின் நினைவல்லவா வரும்! வீட்டில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதும் நினைவு வரும்.

அன்று அந்தச் சமையற்கட்டில் காந்தியவர்கள் அஹிம்சையைப் பற்றி வாதம் செய்து யாரையும் மாற்றிவிடவில்லை. பாத்திரம் கழுவினார், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியை நம்பியவர்களின் நடுவே வாழ்ந்த ராஜன், தாய்நாடு திரும்பிய பிறகு அவர் வழியில் நடந்தார். ஐயரும் பிற்காலத்தில் ஆயுத வழியைக் கைவிட்டு அஹிம்சையை ஏற்றார். சொல்லைக் கொண்டு ஒருவரை மடக்கலாம். மாற்றுவதற்கு வாழ்க்கை வேண்டியிருக்கிறது.

திருச்சியிலிருந்து வேதாரண்யம்

1930 மார்ச் 12-ஆம் தேதி காந்தியவர்கள் 78 தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டார்கள். உப்பு ஏழையின் கஞ்சியிலும் உண்டு, செல்வந்தரின் பிரியாணியிலும் உண்டு. இருவரும் அதற்கு ஒரே வரியைக் கட்ட வேண்டியிருந்தது. கடலோரத்தில் தானாக விளையும் உப்பை அள்ளினால் அது குற்றம். இந்த அநியாயத்தை எதிர்த்து, தமிழகத்திலும் அதே போன்ற யாத்திரை ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி அவர்களின் தலைமையில் கிளம்பியது. கிளம்பிய இடம், திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் ராஜன் அவர்களின் வீடு. லண்டனில் காய்கறி நறுக்கிய மனிதரின் முன்மாதிரி இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரின் வாசலில் வந்து நின்றது என்று சொன்னால் பொருத்தமாகவே இருக்கும்.

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல். சித்திரை வெயில். தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த தார்ன் துரை, இவர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருபவர்களுக்குத் தண்டனை உண்டு என்று ஊர் ஊராக எச்சரிக்கை செய்தார். அன்னமளித்த சிலர் சிறையும் சென்றார்கள். பார்த்தார்கள் ஊர் மக்கள். கையில் கொடுத்தால்தானே குற்றம்? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். நடந்து வந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மேலே நடந்தார்கள். யார் கட்டினார்கள் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பது?

சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பொட்டலத்தைக் கட்டியவள் ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவள் காந்தியைக் கண்டவள் அல்ல. சட்டம் படித்தவள் அல்ல. வெயிலில் நடந்துபோகிறவர்கள் யாரையும் திட்டாமல், யார் மீதும் கல்லெறியாமல், ஆனால் நிற்காமல் நடக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தாள். அவர்களுடைய ஸப்ரு அவளுக்குத் தைரியமாக வந்து சேர்ந்தது. அவர்கள் வன்முறையில் இறங்கியிருந்தால் அவள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். பயந்து பின்வாங்கியிருந்தாலும் சாத்திக்கொண்டுதான் இருப்பாள்.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு நாவிதர் இருந்தார். சத்தியாக்கிரகிகளை அடிக்கும் போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்ற உறுதியில் இருந்தவர். ஒருவருக்குப் பாதிச் சவரம் செய்து கொண்டிருக்கையில் அவர் போலீஸ்காரர் என்று தெரியவர, அப்படியே நிறுத்திவிட்டார். கையில் கத்தி இருந்தது. போலீஸ்காரரின் கழுத்தும் அந்தக் கத்திக்குக் கீழே இருந்தது. அவர் செய்ததெல்லாம் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டதுதான். அதற்காகச் சிறை சென்றார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று எந்த வாலிபனாவது சொல்வானா?

ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் சேர்ந்தது. 30-ஆம் தேதி ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார்.

பெஷாவர் கடைத்தெரு

இவர்கள் தஞ்சைச் சாலையில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஏப்ரல் 23-ஆம் தேதி, வடமேற்கே பெஷாவர் நகரில் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் மற்றொன்று நடந்தது. அங்கே ‘குதாயி கித்மத்கார்’ என்ற இயக்கத்தை 1929-ல் தொடங்கியவர் கான் அப்துல் கஃப்பார் கான். ‘எல்லைக் காந்தி’ என்று தமிழர்கள் அன்போடு அழைத்தது இவரைத்தான். இயக்கத்தின் பெயருக்கு ‘இறைவனின் ஊழியர்கள்’ என்று பொருள். இறைவனுக்கு ஊழியம் தேவையில்லை. ஆகவே அவன் படைப்புகளுக்கு ஊழியம் செய்வதே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பது அவர்களின் கொள்கை. வன்முறை செய்வதில்லை, பழி வாங்குவதில்லை, கொடுமை செய்தவரை மன்னிப்பது, நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பொதுத் தொண்டு செய்வது என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்தார்கள்.

யார் எடுத்த உறுதிமொழி என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பட்டாணியர் சமூகத்தில் பழிக்குப் பழி வாங்குவது தலைமுறை தலைமுறையாகக் குடும்ப மானமாகக் கருதப்பட்டது. துப்பாக்கி இல்லாத வீடு அபூர்வம். திருப்பி அடிக்கத் திராணியில்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு முஸ்லிம் அஹிம்சையை ஏற்பதில் வியப்பென்ன, இது மக்காவில் நபிகள் நாயகம் கையாண்ட ஆயுதம்தானே என்பதே கான் அவர்களின் விளக்கமாக இருந்தது.

அன்று கான் அவர்களைக் கைது செய்ததை எதிர்த்துக் கூடிய மக்கள் மீது சிப்பாய்கள் சுட்டார்கள். ஏராளமானோர் ஷஹீதானார்கள். கூட்டம் கலைந்தோடவில்லை. அப்போது கட்வால் படைப் பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள், நிராயுதபாணிகள் மீது சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ராணுவத்தில் உத்தரவை மறுப்பதற்கு என்ன தண்டனை என்று அவர்களுக்குத் தெரியும். சந்திர சிங் கட்வாலி முதலானோர் நீண்ட காலச் சிறைத் தண்டனை பெற்றார்கள். எதிரே நின்றவனின் ஸப்ரு, துப்பாக்கி பிடித்தவனின் கையையே நிறுத்தியது! தஞ்சைச் சாலையோரம் சோற்றுப் பொட்டலம் கட்டிய கையும் பெஷாவரில் துப்பாக்கியைத் தாழ்த்திய கையும் ஒரே மாதத்தில் ஒரே பாடத்தைப் படித்தவை.

ஸப்ரு செய்தவருக்கு உடனே வெற்றி கிடைத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கான் அவர்கள் விரும்பாத பிரிவினை 1947-ல் வந்தது. அதற்குப் பிறகும் பாகிஸ்தான் அரசின் சிறைகளில் அவருக்குப் பல ஆண்டுகள் கழிந்தன. 1988 ஜனவரி 20-ல், நூறை நெருங்கிய வயதில் வஃபாத்தானார். தாம் கேட்டது கிடைத்ததா என்று கணக்குப் பார்த்தால் அவர் தோற்றவர்தான். கொடுத்த உறுதிமொழியைக் கடைசி மூச்சு வரை காத்தாரா என்று பார்த்தால்? கூலியை மறுமையில் எதிர்பார்ப்பவன்தான் அப்படி வாழ முடியும்.

போர் அனுமதிக்கப்படவில்லையா?

“ஹஜ்ரத், பத்ரும் உஹதும் நம் வரலாறுதானே?” என்று வாலிபன் அடுத்து கேட்பான். ஆம். மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் கை ஓங்க அனுமதியில்லை. ஹிஜ்ரத்துக்குப் பிறகு, அநீதி இழைக்கப்பட்டவர்களுக்குத் தற்காப்புப் போர் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அது தலைவரின் கட்டளைக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் உண்டு. தெருவில் ஒருவன் நம்மை ஏசினான் என்பதற்காக நாலு பேர் சேர்ந்து போய் அவனையோ, அவன் கிடைக்காதபோது அவன் இனத்தான் ஒருவனையோ அடிப்பதற்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம்? குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது தனி மனிதனின் வேலையல்ல, ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது என்பதே நம் ஃபிக்ஹு நூல்களின் சட்டம்.

ஹிஜ்ரி 10-ல் நாயகம் (ஸல்) அவர்கள் தங்களின் இறுதிப் பேருரையில், அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் ரத்துச் செய்தார்கள். முதலாவதாக ரத்துச் செய்தது யாருடைய பழியை? தங்கள் சொந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய பழியை! ஊராரின் கோபத்தை விட்டுவிடச் சொல்லுமுன் தம் வீட்டுக் கோபத்தை விட்டுவிட்டார்கள். அதனால்தான் கேட்ட சமூகம் கேட்டது.

யாருக்கு ஸப்ரை உபதேசிக்கிறோம்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். வாலிபர்கள் ஸப்ரை வெறுப்பதற்கு நம் மஹல்லாக்களின் நடைமுறையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் எப்போதும் யாரிடம் ஸப்ரு செய்யச் சொல்கிறோம்? கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம். வாப்பாவின் சொத்தில் தன் பங்கைக் கேட்கும் சகோதரியிடம். சம்பளம் பாக்கி நிற்கும் கடைப் பையனிடம். அடித்தவனிடமோ, பங்கைத் தராத அண்ணனிடமோ, முதலாளியிடமோ போய் நிற்க நமக்குத் துணிவில்லை. ஆகவே பலவீனமானவர் பக்கம் திரும்பி, “பொறுத்துக்கொள்ளம்மா, அல்லாஹ் கூலி தருவான்” என்கிறோம். கோழைத்தனம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது பொறுத்துக்கொள்பவளுடையது அல்ல, உபதேசிப்பவருடையது!

அநீதி செய்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழியின் கருத்து. வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் உப்பு வரியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ‘இது அநியாயம்’ என்று உரக்கச் சொல்லி நடந்தார்கள். அநியாயத்தைப் பொறுக்கவில்லை, அநியாயக்காரனை அடிக்காமல் பொறுத்தார்கள். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், தன் பங்கைக் கேட்டு ஜமாஅத்துக்கு வரும் பெண்ணும், கொடுமைக்கு எதிராகப் புகார் கொடுக்கும் பெண்ணும் ஸப்ரை இழந்துவிட்டார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம்.

உமர் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். இஸ்லாத்தை ஏற்ற தங்கையை அவர்கள் அறைந்தபோது, ஃபாத்திமா பின்த் கத்தாப் (ரலி) அவர்களின் முகத்தில் இரத்தம் வழிந்தது. அப்பெண்மணி திருப்பி ஏசவில்லை. ஈமானை மறைத்துக்கொள்ளவும் இல்லை. ஆம், நாங்கள் முஸ்லிம்கள்தான், உம்மால் ஆனதைச் செய்யும் என்றார்கள். அந்த இரத்தத்தைப் பார்த்துத்தான் உமரின் உள்ளம் இளகியது என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அந்தத் தங்கை அன்று பயந்து பொய் சொல்லியிருந்தால் உமர் (ரலி) அவர்கள் எதைக் கண்டு நின்றிருப்பார்கள்?

நம் வீட்டில்

தாய்மார்களே! பெரியவர்களே! நம் பிள்ளைகள் நம்முடைய பயானைக் கேட்பதைவிட நம்மைப் பார்ப்பதுதான் அதிகம். வீட்டில் பாத்திரம் கழுவாத வாப்பா தொண்டைப் பற்றிப் பேசினால் பிள்ளை கேட்டுக்கொள்வான், எடுத்துக்கொள்ள மாட்டான். மைத்துனரோடு பத்து வருஷமாகப் பேசாத தகப்பன் மன்னிப்பைப் பற்றிச் சொன்னால் அதுவும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் இந்துவோ கிறிஸ்தவரோ, அவர் வீட்டில் ஒரு துன்பம் என்றால் முதலில் எழுந்து போகும் தாயைப் பார்த்த பிள்ளை, நாளை யாராவது வந்து அந்த வீட்டின் மீது கல்லெறியக் கூப்பிட்டால் போக மாட்டான்.

குதாயி கித்மத்கார்கள் தினம் இரண்டு மணி நேரம் தொண்டு செய்ய உறுதி எடுத்தார்கள். நாம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எடுக்கலாமே? ஜும்ஆவுக்குப் பிறகு நம் வாலிபர்களை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்கு வேண்டியதைச் செய்யலாம். மஹல்லாவில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களின் வாசலை மிதிக்கலாம். பெரியவர்கள் முன்னால் நடந்தால் வாலிபர்கள் பின்னால் வருவார்கள். கையில் கல்லை எடுக்க நினைத்தவனுக்கு அந்தக் கைக்கு வேறு வேலை கிடைத்துவிடும்.

அந்த வாலிபனுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: தம்பி! உன் ரோஷத்தை விட்டுவிடாதே. அநியாயத்தைக் கண்டு உன் இரத்தம் கொதிப்பது ஈமானின் அடையாளம்தான். ஆனால் உன்னைப் பார்த்து உன் தெருவில் உள்ள குழந்தைகளும் கிழவர்களும் கதவைச் சாத்திக்கொள்ளும்படி செய்யாதே. அவர்கள் கதவைத் திறந்து வெளியே வந்து உன் பக்கத்தில் நிற்கும்படி நில். அதற்குப் பெயர்தான் ஸப்ரு.

யா அல்லாஹ்! அநீதிக்கு அடிபணியாத உறுதியையும், அநீதி செய்தவனுக்கும் அநீதி செய்யாத நேர்மையையும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.